கொலியா, லப்ரடோரா, ஊர்நாயா? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

பிள்ளைகள் ஆடு சாய்க்கும் நாயினமான கொலிதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். அப்பா அல்சேஷன் என்கிறார். அம்மம்மாவோ படலையடியில் வந்து சுருண்டு படுக்கிற ஊர்நாய்க் குட்டிக்குச் சோறு வைக்கத் தொடங்கிவிட்டார். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் நாய் வளர்க்க நினைக்கிற வீடுகள் பலவற்றில் பேச்சு இந்த மூன்றுக்கும் இடையில்தான் சுற்றுகிறது. ஒன்றைத் தேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் அதனோடு வாழவேண்டும். ஆகவே படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், நம் வெயிலையும் மாரியையும் நம் வீட்டு நேரத்தையும் வைத்து நிறுத்துப் பார்ப்பது நல்லது.

கொலியைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். குணத்தில் அதை மிஞ்சும் குடும்ப நாய்கள் குறைவு. இங்கே அதற்குத் தடையாக நிற்பவை இரண்டு: நம் காலநிலை, நாம் நாய்களுக்குப் பழக்கமாகக் கொடுக்கிற மருந்து. இந்த இரண்டையும் சமாளிக்க முடிகிற வீட்டுக்குக் கொலி பெரும் பேறு. முடியாத வீட்டில் பாடுபடுவது நாய்தான்.

## எவற்றை வைத்து அளப்பது

வெப்பம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகும். சித்திரை, வைகாசியில் காற்றில்லாத புழுக்கம். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேல் காற்று அடிக்கும்போது பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தாண்டும். அடர்ந்த உள்முடி உள்ள நாய்க்கு இந்த நான்கு மாதமும் சோதனைதான்.

உண்ணி, சொறி, அவற்றுக்கான மருந்து. நம் பகுதியில் வருடம் முழுவதும் உண்ணி உண்டு. உண்ணியால் பரவும் பபீசியா, எர்லிக்கியா காய்ச்சல்கள் எந்த இன நாயையும் விடுவதில்லை. எந்த மருந்து அந்த நாய்க்கு ஆகும், எது ஆகாது என்பதில்தான் இனங்கள் வேறுபடுகின்றன.

பகலில் வீட்டில் ஆள். இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளியும் ரியூசனுமாகப் போகிற வீட்டில் நாய் எட்டு மணிநேரம் தனியே இருக்கும். சில இனங்கள் அதைப் பொறுக்கும், சில பொறுக்காது.

வளவு, வேலி, அயல். கிடுகு வேலியும் திறந்த கடப்பும் உள்ள வளவு ஒன்று, மதிலும் கேற்றும் உள்ள வீடு இன்னொன்று. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒட்டி ஒட்டி அமைந்த கரை இது. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் துப்புரவாக்க வேண்டிய கடமை முஸ்லிம் அயலவருக்கு இருக்கிறது. நாயை வளவுக்குள் வைத்திருப்பது அவர்களுக்கு நாம் காட்டவேண்டிய மரியாதை. அலைகிற, ஓயாது குரைக்கிற நாய் நல்ல அயலைக் கெடுக்கும்.

செலவு. குட்டியின் விலை ஒருமுறை கொடுப்பது. சாப்பாடு, உண்ணி மருந்து, முடிப் பராமரிப்பு, கரண்ட் எல்லாம் மாதாமாதம் வருபவை. விலைகள் அடிக்கடி மாறுவதால் கீழே கிலோக் கணக்கே தரப்பட்டிருக்கிறது. உங்கள் கடை விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காவல். குரைத்து அறிவிக்கிற நாய் வேண்டுமா, வந்தவனைத் தடுத்து நிறுத்துகிற நாய் வேண்டுமா? இது தெளிவில்லாமல் நாய் வாங்கினவர்கள்தான் பிறகு ஏமாந்ததாகச் சொல்கிறார்கள்.

## நீள்முடிக் கொலி

ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஆடு சாய்க்க வளர்ந்த இனம். 1860களில் விக்டோரியா மகாராணி பல்மோரல் மாளிகையில் இந்த நாய்களை விரும்பி வளர்க்கத் தொடங்கிய பிறகு மேய்ச்சல் தரையிலிருந்து வீட்டு விறாந்தைக்கு வந்தது. பிரித்தானிய அளவுகோலின்படி ஆண் 56 முதல் 61 சென்ரிமீற்றர் உயரம், பெண் 51 முதல் 56. எடை 18 முதல் 30 கிலோவுக்குள். நன்றாகப் பராமரித்தால் 12 வருடத்துக்கு மேலும் இருக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கும், வீட்டாரின் முகம் பார்த்து நடக்கும், அதட்டல் இல்லாமலே படிக்கும். உரத்துப் பேசினால் சுருங்கிவிடுகிற நாய் இது. அடித்துப் பழக்க நினைப்பவர் கொலியைத் தொடவே கூடாது. ஆட்டை வளைத்து ஓட்டிய பழக்கம் இரத்தத்தில் இருப்பதால் ஓடுகிற பிள்ளைகளைச் சுற்றி வளைக்கும், சில வேளை குதிக்காலில் மெல்லக் கவ்வும். குட்டியாக இருக்கும்போதே அந்த நேரத்தில் விளையாட்டை நிறுத்தி, 'இரு' என்று உட்கார வைத்துப் பழக்கினால் ஆறேழு மாதத்தில் அடங்கும். குரைப்பு அதிகம். சைக்கிள், ஆட்டோ, மீன்காரரின் ஹோர்ன் என்று ஒவ்வொன்றையும் அறிவிக்கும். ஆனால் உள்ளே வந்தவரைக் கடித்துத் தடுக்கும் என்று நம்பக்கூடாது.

### வெயிலில்

கொலியின் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. மேலே நீண்ட முரட்டு முடி, கீழே பஞ்சு போன்ற உள்முடி. குளிர் மலைக்கு அது போர்வை. இங்கே அந்த உள்முடியைச் சீவி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் தோலுக்குக் காற்றுப்படும்.

ஒட்டச் சிரைத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். மேல்முடிதான் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. சிரைத்த தோல் வெயிலில் எரியும், முடி திரும்ப வளரும்போது திட்டுத் திட்டாக, உள்முடி மட்டும் மொத்தமாக வரக்கூடும். வயிற்றுப்புறம், தொடையின் பின்புறம், பாதத்தின் அடிமுடி ஆகியவற்றைக் கத்தரிக்கலாம், அது போதும்.

அன்றாடம் செய்யவேண்டியவை:

- நடை காலை ஆறரைக்கு முன், மாலை ஆறரைக்குப் பின். தார் வீதியிலோ கடற்கரை மணலிலோ புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.
- பகல் பத்து முதல் நான்கு வரை சீமெந்து அல்லது ரைல்ஸ் தரை, மின்விசிறி, நிழல். தகரமோ அஸ்பெஸ்டஸோ போட்ட நாய்க்கூடு மதியத்தில் அடுப்பு; மரநிழலில் வைத்தாலும் கிடுகு வேய்ந்தால்தான் சரி.
- இரண்டு இடத்தில் தண்ணீர். மண் சட்டியில் வைத்தால் குளிர்ச்சி நிற்கும்.
- கரண்ட் போனால் நாயை வெளி விறாந்தைக்கு மாற்ற வீட்டில் ஓர் ஆள்.

நாக்கு கடும் சிவப்பாகி, எச்சில் கொட்டி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. மலவாயில் வெப்பமானி வைத்தால் 41 பாகையோ அதற்கு மேலோ காட்டும். சாதாரண அளவு 38 முதல் 39.2. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறியை நேரே பிடியுங்கள். முடி பிரிந்து தோல்வரை நனைய வேண்டும். ஈரத் துணியால் மூடிவிட்டுக் காத்திருப்பது தவறு, அந்தத் துணியே சூட்டை அடைத்து வைத்துவிடும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி மிருக வைத்தியரிடம் போகவேண்டும். வெளியில் தெளிந்தது போலத் தெரிந்தாலும் சிறுநீரகமும் இரத்தம் உறைகிற தன்மையும் அடுத்த நாளில் பழுதாகலாம்.

மூக்கின் மேல்பகுதியில் நிறம் குறைந்த கொலிகளுக்கு வெயில் பட்டுப் பட்டு மூக்குத் தோல் சிவந்து, பொருக்குத் தட்டி, புண்ணாகும். கறுப்பு மூக்கு முழுதாக நிரம்பிய குட்டியைத் தேர்வது இந்தக் கரையில் முக்கியம்.

### மாரியில்

கார்த்திகை முதல் தை வரை வேறு பிரச்சினை. உள்முடி நனைந்தால் காய்வதற்கு மணிக்கணக்காகும். ஈரம் நின்ற இடத்தில் தோல் வெந்து ஈரப்புண் வரும். அதில் ஈ முட்டையிட்டால் புழு வைக்கும், மேலே முடி மூடியிருப்பதால் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். மழையில் நனைந்தால் துவாயால் ஒற்றி, மின்விசிறிக்கு முன் நிறுத்தி, சீவிக்கொண்டே காயவைக்க வேண்டும். குளிப்பாட்டுவது நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் அலசாமல் விடக்கூடாது.

சீவுவது வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் அரை மணிநேரம். மேலால் தடவிவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும், அடியில் முடிச்சு அப்படியே இருக்கும். ஒரு கையால் முடியை வகிடு வகிடாகத் தூக்கிப் பிடித்து, தோலிலிருந்து வெளிப்பக்கமாகக் கம்பிப்பல் சீப்பை இழுக்கவேண்டும். காதின் பின்புறம், முன்னங்கால் அக்குள், தொடைப் பின்புறம், வாலடி ஆகிய நான்கு இடத்தில்தான் முடிச்சு முதலில் விழும். ஒட்டுப்புல் நிறைந்த வெறுவளவில் ஓடவிட்டால் அன்று இந்த வேலை இரண்டு மடங்காகும். சீவுகிற நேரமே உண்ணி தேடுகிற நேரமும்: விரலிடுக்கு, காதுக்குள், கழுத்துப் பட்டியின் கீழ்.

### ஐவர்மெக்டின்

கொலி வாங்குவோர் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படிக்கவேண்டும்.

நம் ஊர்களில் நாய்க்குச் சொறியோ உண்ணியோ கண்டால் ஐவர்மெக்டின் ஊசி போடுவது சாதாரணம். மாட்டுக்கு வாங்கிய போத்தலில் மிஞ்சியதை வீட்டிலேயே நாய்க்கு ஏற்றுபவர்களும் உண்டு. சரியான அளவில் கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு இதனால் தீங்கில்லை. மூளைக்குள் மருந்து புகாமல் வெளியே தள்ளுகிற ஒரு புரதம் அவற்றுக்கு இருப்பதே காரணம். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் பெயர் எம்.டி.ஆர்.1. கொலிகள் பலவற்றில் அந்த மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதை 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே சோதித்த கொலிகளில் ஏறக்குறைய 70 வீதமானவை இந்தப் பிழையின் ஒரு பிரதியையாவது சுமக்கின்றன. இரண்டு பிரதியும் பிழையாக உள்ள நாய்க்கு மருந்து நேரே மூளைக்குள் போய்விடும்.

கணக்காகப் பார்ப்போம். இதயப்புழுத் தடுப்பு மாத்திரையில் உள்ள அளவு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். அது கொலிக்கும் பாதுகாப்பானது. சொறிக்குக் கொடுக்கிற அளவு 300 முதல் 600. பிழை உள்ள கொலிக்கு 100ஐத் தாண்டினாலே ஆபத்து. மாட்டுக்கான ஒரு வீத ஊசிமருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. 20 கிலோ கொலிக்கு வெறும் 0.4 மில்லிலீற்றர் ஏற்றினாலே கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஆகிவிடும். சில மணிநேரத்தில் எச்சில் வடியும், கண்மணி விரியும், பார்வை போகும், கால் தள்ளாடும், பிறகு நினைவு தப்பும். முறிமருந்து கிடையாது. சேலைனும் சுவாச உதவியுமாக நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் காத்து மீட்கவேண்டும்.

மாட்டுப்பட்டி உள்ள வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐவர்மெக்டின் ஏற்றிய மாட்டின் சாணியோடு அந்த மருந்தும் வெளியேறும். சாணி தின்கிற பழக்கம் உள்ள கொலி அதனாலும் நஞ்சேறி விழலாம். மருந்து ஏற்றிய பிறகு சில வாரங்களுக்கு நாயைப் பட்டிப்பக்கம் விடவே வேண்டாம்.

ஐவர்மெக்டின் மட்டும் இல்லை. டொராமெக்டின், வயிற்றோட்டத்துக்கு நாம் கடையில் வாங்கும் லோபரமைட், மயக்கத்துக்கு முன் கொடுக்கும் அசெப்ரோமசின், பியூட்டோர்பனோல் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். சிலவற்றை விலக்கவேண்டும், சிலவற்றை அளவு குறைத்துக் கொடுக்கவேண்டும். கட்டாக்காலி நாய்களோடு சேர்ந்தால் தொற்றுகிற பாலுறுப்புக் கட்டிக்கு வழக்கமாக ஏற்றும் வின்கிறிஸ்டினும் இதில் ஒன்று. கொலியைக் கருத்தடை செய்யாமல் வெளியே விடுவதன் விலை அதனால் இன்னும் கூடுகிறது.

உண்ணிக்கு வழி இல்லாமல் இல்லை. ஃபுளூரலானர், அஃபொக்சோலானர் வகை மாத்திரைகளும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்தும் குறித்த அளவில் இந்த நாய்களுக்குப் பாதுகாப்பானவை. விலைதான் ஊசியைவிடப் பல மடங்கு. கொலியின் மறைந்த செலவுகளில் இதுதான் பெரியது: மலிவான மருந்து அதற்கு விலக்கு.

### கண்

பிறவியிலேயே கண்ணின் உட்படலம் முழுதாக வளராத குறை இந்த இனத்தில் பரவலாக உண்டு. பெரும்பாலான நாய்களுக்குப் பார்வை போகாது, சிலவற்றுக்கு விழித்திரை கழன்று குருடாகும். ஆறு, ஏழு வார வயதில் கண் பார்த்தால் தெரியும், பிறகு நிறம் படிந்து மறைந்துவிடக்கூடும். சாம்பலில் கறுப்புத் திட்டுள்ள மேர்ள் நிறக் குட்டியானால் தாய், தகப்பன் இரண்டின் நிறத்தையும் கேளுங்கள். இரண்டும் மேர்ள் என்றால் பிறக்கிற நான்கில் ஒரு குட்டிக்கு இரு பக்கத்திலிருந்தும் அந்த மரபணு வரும். அப்படிப்பட்டவை பல செவிடாகவும் குருடாகவும் பிறக்கின்றன.

### எந்த வீட்டுக்கு நல்லது

பகலெல்லாம் ஆள் இருக்கிற, கல்வீடும் மதிலும் உள்ள, நாயை உள்ளே வைத்திருக்கச் சம்மதிக்கிற குடும்பத்துக்கு. ஓய்வுபெற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்கிற வீடு மிகப் பொருத்தம். சங்கிலியில் கட்டிவைக்க நினைப்பவருக்கும், வாகரை, திருக்கோவில் பக்கம் திறந்த மணல் வளவில் காவலுக்கு விட நினைப்பவருக்கும் இது பொருந்தாது.

## சிறுமுடிக் கொலி

குணம், உயரம், மரபணுப் பிழை எல்லாம் மேலே சொன்னதுதான்; முடி மட்டும் குட்டை. உள்முடி இதற்கும் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் சீவினால் போதும், மாரியில் சீக்கிரம் காயும், உண்ணி கண்ணுக்குத் தெரியும். கொலிதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பவருக்கு நம் கரையில் இதுவே மேல் என்பது எங்கள் கருத்து. கிடைப்பதுதான் சிரமம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

## போடர் கொலி

பெயரில் ஒற்றுமை இருந்தாலும் வீட்டுக்குள் இது வேறு நாய். 14 முதல் 20 கிலோ. எம்.டி.ஆர்.1 பிழை இதில் அரிது, ஆகவே அந்தப் பயம் குறைவு. அதன் இடத்தை வேறொன்று பிடிக்கிறது: வேலை இல்லாமல் இதனால் இருக்க முடியாது. நாளுக்கு இரண்டு மணிநேர ஓட்டமும், மூளைக்கு வேலையும் வேண்டும். கிடைக்காவிட்டால் வாலைத் துரத்தும், நிழலைத் துரத்தும், மோட்டார் சைக்கிளின் சில்லைக் கவ்வப் பாயும்.

படுவான்கரையில் எருமைப்பட்டி வைத்திருப்பவர்கள் மாடு சாய்க்க இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பழக்காத நாய் பட்டியைக் கலைக்குமே தவிரச் சேர்க்காது. பழக்குவதற்கு அந்த வேலை தெரிந்த ஆளோடு பல மாதம் வேண்டும். அதோடு, கடுமையாக ஓடும்போது ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் கால் பின்னித் தள்ளாடி விழுகிற ஒரு நோய் இந்த இனத்தில் உண்டு, வெப்பம் அதைக் கூட்டும். ஆடிமாதப் பகலில் எருமைக்குப் பின்னால் இதை ஓடவிடக்கூடாது. சாதாரணக் குடும்பத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தினமும் அதிகாலையில் கடற்கரையில் ஓடுகிற இளைஞர் ஒருவர் பொறுப்பெடுத்தால் மட்டும் சரி.

## லப்ரடோர்

பிள்ளைகளோடு பழகுவதில் கொலிக்கு ஈடு. நடக்கத் தொடங்கிய குழந்தையை ஆசையில் தள்ளி விழுத்திவிடும் என்பதை மட்டும் கவனிக்கவேண்டும். 25 முதல் 36 கிலோ. முடி குட்டை, ஆனாலும் அடர்த்தி. வெயில் இதையும் வாட்டும், குறிப்பாகக் கொழுத்தால். கொழுக்கும் என்பதும் உறுதி. பசி அடங்காமல் வைத்திருக்கிற ஒரு மரபணு மாற்றம் ஏறத்தாழ நான்கில் ஒரு லப்ரடோருக்கு இருப்பதாக 2016இல் கேம்பிரிஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சட்டி நிறையச் சோறு போடுகிற நம் வீடுகளில் இது பெரிய விஷயம். உணவை நிறுத்துப் போடுங்கள். விலா எலும்பு தடவினால் விரலுக்குத் தெரியவேண்டும்.

தண்ணீரைக் கண்டால் நிற்காது. கல்லடிக் கடலில் அலை அமைதியான மாதங்களில் குளிக்கவிடலாம், வாவியில் முதலை உள்ள ஓரங்களில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. தொங்கும் காது நனைந்தால் சீழ்ப்பிடிக்கும். குளித்த ஒவ்வொரு முறையும் காதைப் பஞ்சால் ஒற்றுங்கள். இடுப்பு மூட்டு நோய் இந்த இனத்தின் மறைந்த செலவு. ஐவர்மெக்டின் பயம் பொதுவாக இல்லை. காவலுக்கு உதவாது.

## அல்சேஷன்

காவல்தான் முதல் தேவை என்றால் இது. வந்தவரைத் தடுத்து நிறுத்துகிற துணிவும், கட்டளைக்கு அடங்குகிற புத்தியும் உண்டு. ஆனால் பழக்காமல் சங்கிலியில் வளர்ந்த அல்சேஷன் அஞ்சல்காரரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பிரித்தறியாது. குட்டியாக நான்காம் மாதத்துக்குள் பல மனிதரையும் பார்க்கவைத்து, ஒரு வருடமாவது ஒழுங்காகப் பழக்கவேண்டும். 22 முதல் 40 கிலோ. வருடம் முழுக்க முடி கொட்டும். இடுப்பு மூட்டு, வயிறு முறுக்கிக்கொள்ளல் இரண்டும் அவசரச் செலவுகள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள், இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். எம்.டி.ஆர்.1 பிழை இதிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

## ஊர்நாய்

சந்தையில் இதற்கு விலை இல்லை என்பதால் மதிப்பும் இல்லை என்று நினைக்கிறார்கள். எங்கள் அளவுகோல் ஆறில் நான்கில் இதுதான் முன்னுக்கு நிற்கிறது. குட்டை முடி, ஒடுங்கிய உடம்பு, நிமிர்ந்த காது. இந்த வெயிலுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தப்பி வந்த உடல். 12 முதல் 20 கிலோ. சொறிக்கு மிருக வைத்தியர் கொடுக்கிற சாதாரண மருந்தே போதும். அந்நியரைக் கண்டால் குரைக்கும், தேவைப்பட்டால் எதிர்க்கும். யானை வருகிற ஊர்களில் முன்கூட்டியே மணம் பிடித்து அறிவிக்கும். ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் யானையைச் சீண்டிவிட்டு வீட்டாரிடமே ஓடிவரும், பின்னால் யானையும் வரும். இரவில் அடைத்து வையுங்கள்.

குறையும் உண்டு. அலைகிற பழக்கம் இதற்கு இயல்பு. வேலிக்கு வெளியே போகிற நாய்க்கு வாகனம், நாய்ச்சண்டை, விசர்நோய் மூன்றும் காத்திருக்கின்றன. பெட்டை என்றால் வருடத்துக்கு இருமுறை குட்டி போடலாம். இலவசமாக வந்த நாய்க்கு வேலியும் கருத்தடையும்தான் உண்மையான விலை. அந்த இரண்டையும் செய்யாமல் 'ஊர்நாய்க்குச் செலவில்லை' என்று சொல்வது பொய்.

குட்டி எடுக்கும்போது தாயைப் பாருங்கள். தாய் மனிதரை அண்ட விடுகிறதா, பிள்ளைகளைக் கண்டு பல் காட்டுகிறதா என்பதில் குட்டியின் குணம் பாதி தெரியும். எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம். கொண்டுவந்ததும் குடற்புழு மருந்து, பிறகு மூன்று மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

## ஒரு பார்வையில்

| | நீள்முடிக் கொலி | சிறுமுடிக் கொலி | போடர் கொலி | லப்ரடோர் | அல்சேஷன் | ஊர்நாய் |
|---|---|---|---|---|---|---|
| கணக்குக்கு எடுத்த எடை | 25 கிலோ | 25 கிலோ | 18 கிலோ | 30 கிலோ | 35 கிலோ | 15 கிலோ |
| மாதத்துக்கு உலருணவு | 10–11 கிலோ | 10–11 கிலோ | 9–10 கிலோ | 12–13 கிலோ | 14 கிலோ | 7–8 கிலோ |
| வாரத்துக்குச் சீவுவது | ஒன்றரை மணி | கால்மணி | அரைமணி | கால்மணி | அரைமணி | தேவை குறைவு |
| வெயில் தாங்கல் | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | குறைவு | குறைவு | நன்று |
| ஐவர்மெக்டின் ஆபத்து | மிக அதிகம் | மிக அதிகம் | அரிது | இல்லை எனலாம் | சிலவற்றுக்கு | இல்லை எனலாம் |
| தனியே இருத்தல் | பொறுக்காது | பொறுக்காது | கெட்டுப்போகும் | ஓரளவு | ஓரளவு | பொறுக்கும் |
| காவல் | குரைப்பு மட்டும் | குரைப்பு மட்டும் | குரைப்பு மட்டும் | இல்லை | சிறப்பு | நன்று |

உணவுக் கணக்கு ஒரு கிலோவில் 3,500 கிலோகலோரி உள்ள உலருணவுக்கானது. சோறும் மீனும் போடுகிறவர்கள் சாளை, கீரி போன்ற மலிந்த மீனை அவித்து முள் எடுத்துப் போடலாம். வெங்காயம் போட்ட கறி வேண்டாம். வெறும் சோறும் மீனும் சுண்ணாம்புச் சத்துக்குப் போதாது. வளர்கிற குட்டிக்கு முதல் ஒரு வருடமாவது குட்டிகளுக்கான உலருணவு கலந்து கொடுங்கள்.

எந்த நாயானாலும் மாறாத செலவுகள்: விசர்நாய்த் தடுப்பூசி வருடத்துக்கு ஒருமுறை, பார்வோ, டிஸ்ரெம்பர், எலிக்காய்ச்சல் கூட்டுத் தடுப்பூசி குட்டிப் பருவத்தில் மூன்று முறையும் பிறகு வைத்தியர் சொல்கிறபடியும். வயலும் வெள்ளமும் உள்ள ஊரில் எலிக்காய்ச்சல் ஊசியைத் தவறவிடாதீர்கள். 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டப்படி உள்ளூராட்சி சபையில் பதிவும் செய்யவேண்டும்.

## கொலியே என்று முடிவெடுத்தால்

கொலிக் குட்டி இங்கே எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் கொழும்பு, கண்டிப் பக்கத்திலிருந்துதான் வரும். அவசரப்படுத்துகிற விற்பனையாளரை விடுங்கள். அல்சேஷனோடோ பொமரேனியனோடோ கலந்த குட்டி கொலி என்ற பெயரில் வரலாம். கலப்பு என்றாலும் மரபணுப் பிழை வரக்கூடும்; ஒரு பிரதி மட்டும் உள்ள நாய்க்கும் பெரிய அளவு மருந்து ஆபத்தே.

தாய், தகப்பன் இரண்டின் எம்.டி.ஆர்.1 பரிசோதனை முடிவைக் கேளுங்கள். இல்லை என்றால் குட்டியின் கன்னத்து உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம். ஒருமுறை சோதித்தால் ஆயுளுக்கும் போதும். முடிவு வரும்வரை இரண்டு பிரதியும் பிழை என்றே எண்ணி நடக்கவேண்டும்.

மாசி மாதத்தில் கொண்டுவருவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், கச்சானுக்கு முன் மூன்று நான்கு மாதம் பழகக் கிடைக்கும். சித்திரையில் பகலில் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவராதீர்கள். இரவுப் பயணம், இடையிடையே தண்ணீர்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் காட்டி, தடுப்பூசி அட்டையின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'கொலி இனம், ஐவர்மெக்டின் கொடுக்கக்கூடாது' என்று எழுதுவியுங்கள். அதே வரியை ஒரு துண்டில் எழுதி நாயின் கழுத்துப் பட்டியிலும் மாட்டுங்கள். நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது நாயை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.